இருபத்துமூன்றாம் பத்தி

தேவர்சோலை
12.05.2025

அன்புள்ள சுகந்திக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். ஜெயஸ்ரீக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை கார்த்தி நலந்தானே?

வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இமெயில். பதிலும் இதிலேயே ஆற அமர எழுது.

என் கட்டுரை வந்துவிட்டது. பதினான்கு மாத வேலை. கம்ப்யூட்டர் ஒரு விவரத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த விவரம் என்ன ஆகிறது என்பதுதான் பொருள். புரோகிராம் 'சேமித்தாயிற்று' என்று சொல்லும். பாதி நேரம் அது பொய். விவரம் டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுகொண்டிருக்கும். இதைச் சோதிக்க மற்ற ஊர்க்காரர்கள் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை, தேவர்சோலையில் ஈ.பி.யே பிடுங்கிக் கொடுக்கிறது. மூன்று பழைய கம்ப்யூட்டர்களை ஓயாமல் எண்களை எழுத விட்டு, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் எது எதைத் தொலைத்தது என்று குறித்தேன். மொத்தம் 207 முறை. காற்று மாதத்தில் ஒரே நாளில் ஆறு முறை. உலகத்தில் வேறு எவனிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்காது.

தமிழில்தான் எழுதினேன். நாற்பத்தொரு பத்தி, பதினோராயிரம் வார்த்தை. இன்டர்நெட்டில் போட்டு இருபது நாளாயிற்று. வந்தவர்கள் பத்தொன்பது. அதில் பதினொன்று நானே, எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கப் போனது.

எனக்குக் கூட்டம் வேண்டாம். கடைசி வரி வரை படிக்கிற நூறு பேர் வேண்டும். நூறே பேர். அதுவும் கிடைக்காவிட்டால் எழுதுவதை மூட்டை கட்டிவிட்டுக் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கே முழு நேரமாகப் போய்விடுகிறேன் என்று ஜெயஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு போட்டு ஆள் சேர்ப்பதுதானே உன் உத்தியோகம், வழி சொல்.

வெயிலில் அலையாதே.

அண்ணன்
ராஜசேகர்


சென்னை
14.05.2025

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே நானும் அவரும் நலம். மூச்சிரைப்பு பரவாயில்லை, ஏ.சி.யில் உட்கார்ந்தால்தான் இழுக்கிறது. அண்ணியை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கட்டுரை பார்த்தேன். அருமைங்ணா. எவ்வளவு ஆழம். அந்த ஆரம்பமே பிரமாதம். ஆனால் உண்மையைச் சொன்னால் கோபப்படக் கூடாது. ஜனங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனில் படிக்கிறார்கள். மூன்று வரிக்குள் பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். தலைப்பில் ஒரு எண் வேண்டும். உங்கள் முகம் வேண்டும். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் போட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் நாலு பேர் கைதட்டினால்தான் நாற்பது பேருக்குக் காட்டுவார்கள். அதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன, ஒன்றில் உங்களைச் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் பத்துப் பேரைப் பாராட்டினால் எட்டுப் பேர் உங்களைப் பாராட்டுவார்கள்.

என் ஆபீஸில்தான் நிலவரம் சரியில்லை. ஜூன் முடிவதற்குள் ஆளுக்கொரு பதிவாவது லட்சம் பேர் பார்த்ததாகக் காட்ட வேண்டுமாம். காட்டாதவர்களுக்கு என்ன என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சுகந்தி


தேவர்சோலை
02.06.2025

அன்புள்ள சுகந்திக்கு,

இங்கே சுகம். மழை முந்திக்கொண்டது. துணி ஒன்றும் காயாமல் ஊடு முழுக்க ஈர நாற்றம். நீங்கள் இருவரும் சுகந்தானே?

நீ சேர்த்துவிட்ட குழுவைப் பற்றிச் சொல்கிறேன். இருநூற்று நாற்பது பேர். காலையில் ஆளுக்கொரு பதிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒருவர் கொட்டியதை மற்றவர் பாராட்ட வேண்டும், கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி. என் பதினோராயிரம் வார்த்தையைப் போட்டேன். நாற்பது விநாடிக்குள் ஆறு பேர் 'அருமையான பதிவு'. ஒரு புண்ணியவான் 'உங்கள் கவிதை நெஞ்சைத் தொட்டது' என்றான்.

எனக்குச் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது, உனக்கே தெரியும். மறுநாள் இன்னொரு கட்டுரை போட்டேன். முதல் பத்தி ஒழுங்காக இருக்கும். இரண்டாம் பத்தியிலிருந்து முடிவு வரை 'உப்புமா' என்ற ஒரே வார்த்தை, எண்ணூறு தடவை. முப்பத்தொரு பாராட்டு வந்தது. 'மிகவும் பயனுள்ள தகவல், பகிர்ந்தமைக்கு நன்றி.' கழுதை விட்டையில் முன் விட்டை என்ன, பின் விட்டை என்ன.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. நானும் பதினேழு பேருக்கு 'அருமை' போட்டிருக்கிறேன். ஒன்றையும் படிக்கவில்லை. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். இந்தக் கருமத்துக்குப் பத்தொன்பது பேரே மேல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்
ராஜசேகர்


சென்னை
05.06.2025

அன்பு அண்ணாவுக்கு,

நலம். உப்புமாவைப் படித்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விட்டுவிடாதீர்கள் அண்ணா. இந்த ஒரு முறை என்னிடம் கொடுங்கள். ஒன்றையும் மாற்ற மாட்டேன். எங்கள் ஆபீஸின் இன்டர்நெட் பக்கத்தில், உங்கள் பெயரிலேயே, சுருக்கமாக ஓர் அறிமுகம். கீழே முழுக் கட்டுரைக்கு வழி. அறிமுகத்தைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் உள்ளே வந்தாலும் உங்கள் நூறு பேர் கிடைத்துவிடுவார்கள். எனக்கும் ஆபீஸில் தலை தப்பும். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் போதும்.

தங்கை
சுகந்தி


தேவர்சோலை
09.06.2025

சுகந்திக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

சரி, போடு. ஒரே ஒரு நிபந்தனை. இருபத்திரண்டாம் பத்தியில் ஒரு வரி சொல்லியிருக்கிறேன். 'டிஸ்க் எழுதி முடித்தேன் என்று உறுதி சொல்லும்வரை காத்திருக்காதே' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வரி. அதை மாற்றினால் வேகம் நாற்பது மடங்கு கூடும். இருபத்துமூன்றாம் பத்தியில் அதை யார் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். சில டிஸ்க்குகளுக்குள் கொஞ்சம் சார்ஜ் சேமித்து வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை அது எழுதி முடித்துவிடும். அந்த வகை டிஸ்க் வைத்திருப்பவர் மட்டும்தான் அந்த வரியைத் தொடலாம். மற்றவர்கள் தொட்டால் இருப்பதெல்லாம் போகும்.

இருபத்திரண்டு இருக்கும் இடத்தில் இருபத்துமூன்றும் இருக்க வேண்டும். மற்றதை நீ எப்படியோ செய்துகொள்.

அண்ணன்


சென்னை
28.06.2025

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் நலம், நீங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். மழையில் உங்களுக்கு டவர் இல்லையென்று தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். ஆறு நாளில். எங்கள் ஆபீஸில் தமிழில் இதுவரை எதற்கும் இவ்வளவு வந்ததில்லை. மேனேஜர் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார். போன வாரம் எங்கள் பிரிவில் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள், அதில் நான் இல்லை. எல்லாம் உங்களால்தான் அண்ணா. டவர் கிடைக்கும்போது நீங்களே பாருங்கள்.

அண்ணியிடம் சொல்லி எனக்காக ஒரு பாயசம் வைத்துச் சாப்பிடுங்கள்.

உங்கள் சுகந்தி


தேவர்சோலை
04.07.2025

அன்புள்ள சுகந்திக்கு,

நாங்கள் சுகம். உன் வேலை நிலைத்ததில் சந்தோஷம். ஜெயஸ்ரீ பாயசமும் வைத்தாள்.

கூடலூர் போய் டவர் பிடித்துப் பார்த்தேன். சீ, என்ன படம் அது? உன் கல்யாணத்தில் எடுத்த என் போட்டோவைக் கழுத்தோடு வெட்டி, சுற்றித் தீ எரிகிறது. பக்கத்தில் தலையணை அளவுக்கு '40 மடங்கு'. ஏதோ லேகியம் விற்கிறவன் மாதிரி நிற்கிறேன். அதற்குக் கீழே ஜனங்கள் கேட்டிருப்பதைப் பார். 'சார் இது என் போனுக்கு வேலை செய்யுமா', 'கேம் விளையாடினால் சுத்துது, இது போதுமா', 'நீலகிரிச் சிங்கம் வாழ்க'. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? முழுக் கட்டுரைக்கு உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். முப்பத்து நாலு.

ஒளிக்காமல் சொல்கிறேன், அருவருப்பாக இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் அங்கே ஒரு பேக்கரி வாசலில் நின்று எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கரிக்காரர் என் முகத்தை அடையாளம் கண்டு டீக்குக் காசு வாங்கவில்லை. மறுநாளும் போனேன். ஊட்டுக்கு வந்தும் அதே பேச்சு. "ஏனுங்க, சோத்தைத் தின்னுட்டுப் பாருங்க, அந்த நெம்பரு எங்கீயும் ஓடிப் போகாது" என்றாள் ஜெயஸ்ரீ.

இருபத்துமூன்றாம் பத்தி எங்கே? வரி இருக்கிறது, யார் செய்யலாம் என்பது இல்லை. நேரம் கிடைக்கும்போது சேர்த்துவிடு.

அண்ணன்
ராஜசேகர்


சென்னை
30.07.2025

அன்பு அண்ணாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். அண்ணி நலமா?

ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் கை வைத்தால் ஓட்டம் நின்றுவிடும் என்கிறார் மேனேஜர். கீழே முதல் குறிப்பாக நீங்கள் சொன்னதைச் சேர்க்கப் பார்க்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் கட்டாயம்.

மழையில் நனையாதீர்கள்.

சுகந்தி


17.08.2025

மதிப்பிற்குரிய ராஜசேகர் சார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் பெயர் கலைமதி. தேவர்சோலைக்கு அந்தப்புறம் உள்ள ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வேலை. கொஞ்சம் கம்ப்யூட்டரும் படித்திருப்பதால் அங்கே உள்ள கம்ப்யூட்டரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

தொழிலாளர் லைன் வீடுகளில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட 340 பிள்ளைகளுக்கு எந்த ஊசி என்றைக்குப் போட்டோம், அடுத்தது என்றைக்கு என்பதை நானே புரோகிராம் எழுதி அதில் வைத்திருந்தேன். பழைய நோட்டெல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராது, அதனால்தான். ஜூன் கடைசியில் உங்கள் பதிவு கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை நம் தேவர்சோலைக்காரர் ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறார் என்று எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எல்லாருக்கும் காட்டினேன். நீங்கள் சொன்ன வரியை மாற்றினேன். வேகம் கூடியது உண்மைதான். நர்ஸ் அக்கா ஊசி போட்டு முடிப்பதற்குள் விவரம் ஏறிவிடும்.

ஆடிக் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. இப்போது அந்தப் பதிவேடு திறக்கவே மாட்டேன் என்கிறது. வாராவாரம் நகல் எடுத்து வைப்பேன், ஆனால் பழையதன் மேலேயே எழுதிவிடுவேன். அதுவும் பழுதாகவே இருக்கிறது. எங்கள் லைனில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், பலரிடம் ஊசி அட்டை இல்லை. யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடவில்லை என்று தெரியாமல் நர்ஸ் அக்கா கையைப் பிசைகிறார்.

தங்களைக் குறை சொல்லவில்லை. நான் ஏதாவது தவறாகச் செய்திருப்பேன். திருப்பி எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள் சார்.

பணிவுடன்
கலைமதி


தேவர்சோலை
25.08.2025

சுகந்திக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கலைமதி என்ற பெண் எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதலில் அதைப் படி. கடைசி வரி வரை படி.

படித்தாயா? அந்த டிஸ்பென்சரியில் ஐந்து நாள் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், ஒன்றும் திரும்பி வரவில்லை. இப்போது அந்தப் பெண்ணோடு மழையில் லைன் லைனாகப் போய்ப் பிள்ளைகளின் தேதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அட்டை வைத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இல்லாதவர்களிடம் மழைக்கு முன்னாலா பின்னாலா, ஹோலிக்கு முன்னாலா பின்னாலா என்று அரைகுறை இந்தியில் கேட்கிறோம். ஒரு தாய் குழந்தையின் தொடையைக் காட்டி இரண்டு விரலைத் தூக்கினாள். எந்த ஊசி, எந்த மாதம், எதில் இரண்டு, ஒன்றும் புரியவில்லை. அவளும் என் முகத்தையே பார்த்தாள். டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். இப்போது அதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரே ஒரு நிபந்தனைதானே போட்டேன்? என் பெயரைப் போட்டு, என் முகத்தைப் போட்டு, நான் சொல்லக் கூடாது என்றதைச் சொல்லிவிட்டாய். லட்சம் பேருக்கு. கேட்டால், ஓட்டம் நின்றுவிடுமாம். த்தூ. உன் தொழிலும் அந்த மேனேஜரும் அந்தத் தீயும்.

எனக்கும் பங்கு இருக்கிறது. ஜூலையிலேயே பார்த்தேன். 'நேரம் கிடைக்கும்போது சேர்த்துவிடு' என்று எழுதினேன், ஏதோ காபிக்குச் சர்க்கரை சேர்க்கச் சொல்வது மாதிரி. எண் ஏறுகிற ருசி. என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்தப் பதிவை இன்றே எடு. தீபாவளிக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம்.

ராஜசேகர்


சென்னை
19.09.2025

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று வாரம் அதற்குக் கட்டுப்பட்டேன். அண்ணியிடம் போனில் பேசி நீங்கள் இருவரும் சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

பதிவை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிட்டேன். மேனேஜர் கத்தினார், கத்தட்டும். ஆனால் அதற்குள் இருபது இடத்தில் நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். யானை வாயில் போன கரும்புதான். எழுதிக் கேட்டேன், இரண்டு பேர் எடுத்தார்கள். மற்றவர்கள் பதிலே சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இருபத்துமூன்றாம் பத்தியை வெட்டவில்லை அண்ணா. பதிவு போடும்போது அப்படி ஒன்றை நான் பார்க்கவே இல்லை. உங்கள் கட்டுரையை ஒரு ஏ.ஐ. மெஷினிடம் கொடுத்து ஐந்து வரியாகச் சுருக்கச் சொன்னேன். அது கொடுத்ததைப் படத்தில் ஒட்டினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை. உங்கள் நிபந்தனை இருந்த கடிதத்தில் 'சரி, போடு' என்பதைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன். கலைமதியின் கடிதம் வந்த பிறகுதான் அதை முழுதாகப் படித்தேன்.

அந்தக் கட்டுரை மட்டும் இல்லை. இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் எழுதி அனுப்பிய எதையும் நான் மூன்றாவது பத்திக்கு மேல் படித்ததில்லை. எனக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் எல்லாவற்றுக்கும் அருமை, ஆரம்பமே பிரமாதம் என்று எழுதினேன். அந்தக் குழுவில் உங்களுக்கு 'அருமை' போட்டவர்களைத் திட்டி எழுதியிருந்தீர்கள். அவர்களில் ஒருத்திதான் உங்கள் தங்கையும்.

வேலை மட்டும் நிலைத்துவிட்டது. தினமும் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறேன்.

சுகந்தி


தேவர்சோலை
18.10.2025

அன்புள்ள சுகந்திக்கு,

நானும் ஜெயஸ்ரீயும் சுகம். உனக்கு ஏ.சி.யில் இழுப்பு வருகிறது என்று முன்பு எழுதியிருந்தாய். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. முதலில் உனக்கு நாலு பக்கம் திட்டி எழுதினேன். அனுப்பவில்லை. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

லைனில் தேதி சேகரித்து முடித்தோம். 340 பிள்ளைகளில் 302 பேருக்குத் தெரிந்தது. மீதி 38 பேருக்கு நர்ஸ் முதலிலிருந்து எல்லா ஊசியையும் மறுபடி போடுகிறார். குழந்தைகளுக்கு அதனால் கெடுதல் இல்லை என்கிறார், அழுகைதான்.

அப்புறம் கலைமதி என் கட்டுரையை முழுதாகக் கேட்டு வாங்கிப் போனாள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக ஊட்டுக்கு வந்தாள். நாற்பத்தொரு பத்தியும் இரண்டு தடவை படித்திருக்கிறாள். அவள் நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஜெயஸ்ரீ போட்ட காபியைக் குடித்துவிட்டு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"சார், எங்க டிஸ்க்கு நீங்க சொல்ற வகைதானுங்க. ஹெட் ஆபீஸ்ல பழைய சர்வரைக் குடுத்தாங்க, அதுல சார்ஜ் சேத்து வெக்கிற டிஸ்க்குதான் இருக்குது. இருபத்துமூணாம் பத்தியை அன்னிக்கே படிச்சிருந்தாலும் நான் அந்த வரியை மாத்தித்தான் இருப்பேனுங்க."

அவளே தொடர்ந்தாள். அவர்கள் எஸ்டேட்டில் கரண்ட் போனால் மணிக்கணக்கில் போவதில்லை. காற்றில் கம்பி உரசினால் போகும், இரண்டே விநாடியில் வரும், மறுபடி போகும், ஒரு மூச்சில் ஐந்தாறு தடவை. அப்படிப் போய் வந்தால் அந்த டிஸ்க்கில் சார்ஜ் ஏற நேரம் இருக்குமா, நீங்கள் அதைச் சோதித்தீர்களா என்று கேட்டாள். 207 முறை சோதித்திருக்கிறேன் என்றேன் மிதப்பாக. எங்கே என்று பார்க்க வந்தாள். என் மூன்று கம்ப்யூட்டர்களின் ஒயரையும் தொடர்ந்து போய் ஓர் இடத்தில் குனிந்தாள். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்.

போன வருஷம், சோதனையை ஆரம்பிக்கும் முன்பே, ஒரு கம்ப்யூட்டர் ஹை வோல்டேஜில் புகைந்துபோயிற்று. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டுங்கள் என்று ஜெயஸ்ரீ சொன்னாள், மாட்டிவிட்டேன். மலையில் எல்லா ஊட்டிலும் செய்கிற காரியம்தான். அந்த ஸ்டெபிலைசர் கரண்ட் வந்த உடனே உள்ளே விடாது. ஃப்ரிட்ஜ் கெடாமல் இருக்க மூன்று நிமிஷம் நிறுத்தி வைத்துத்தான் விடும். அதனால் என் 207 முறையிலும் கரண்ட் ஒரு தடவை போய், நன்றாக ஓய்வு எடுத்து, பூப்போல வந்திருக்கிறது. நிஜமான கரண்ட்டை என் கம்ப்யூட்டர்கள் பார்த்ததே இல்லை.

ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு, கலைமதி சுவிட்சைத் தட்டத் தட்ட அந்த இடத்திலேயே சோதித்தோம். நான்காவது தட்டில் சார்ஜ் சேமிக்கும் என் நல்ல டிஸ்க்கும் விவரத்தைத் தொலைத்தது.

ஆக, நீ எதையும் விட்டுவிடாமல் முழுதாகப் போட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைகளின் தேதி போயிருக்கும். இருபத்துமூன்றாம் பத்தியே தப்பு. உன்னைத் துப்பி எழுதியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதியை நான் திருப்பி வாங்கவில்லை, அது உன்னுடையதுதான்.

ஆறு மாதமாக அந்தத் தப்பு அங்கேயே இருந்திருக்கிறது. ஒழுங்காக ஒருத்தர் படித்தார், பத்து நாளில் பிடித்துவிட்டார். கைதட்ட ஆள் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தப்பைச் சொல்ல ஆள் இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டேன். தை மாதம் சேர வேண்டும். அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. இன்று ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்றிலிருந்து காற்று. எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பள்ளிக்கூடத்தில் எவனெவன் என் முகத்தை நம்பி அந்த வரியை மாற்றி வைத்திருக்கிறானோ தெரியாது. எனக்கு இப்போது நூறு பேர் போதாது. அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரும் வேண்டும், நகல்களைப் பார்த்தவர்களும் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

உங்கள் ஆபீஸ் பக்கத்திலேயே போட வேண்டும். உன் வேலைக்கு ஆபத்து என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். எந்தக் குழுவில் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொட்டு. எந்தப் படம் வேண்டுமானாலும் வை, எனக்கு இனி ஆட்சேபணை இல்லை. தலைப்பை மட்டும் நானே எழுதிவிட்டேன்.

'தேவர்சோலை ராஜசேகர் சொன்னது தப்பு. அந்த வரியை மாற்றியவர்கள் இன்றே பழையபடி வையுங்கள்.'

அவ்வளவுதான் பதிவு. அதற்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து இரண்டு பேரும் வாருங்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அண்ணன்
ராஜசேகர்